உப்புக்காற்றில் ஓடிய ஸ்கார்ப்பியோவை வாங்கும் முன்

பழைய ஸ்கார்ப்பியோ பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் தூக்கி இன்ஜின் சத்தத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ ஓடிய வண்டிக்கு அது சரி. ராமநாதபுரம் மாவட்டத்து டி.என். 65 பதிவெண்ணோடு மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ பத்து வருஷம் நின்ற வண்டிக்கு அந்த வரிசை ஒத்துவராது. இங்கே முதலில் தரையில் படுத்து அடியைப் பார்க்க வேண்டும். இன்ஜினில் எது போனாலும் அதற்கு ஒரு விலை உண்டு, சாமான் கிடைக்கும், மாட்டிவிடலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை உப்பு உள்ளிருந்து தின்றிருந்தால் மாட்டுவதற்கு சாமான் கிடையாது. அந்த வண்டிக்கு எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது நஷ்டம்தான்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு இல்லை. வண்டிக்கு அடியிலும் அதேதான் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாக நீர்விடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதில் பாதி ஈரத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் பாம்பனில் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிகூட ஒரு துளி மழை படாமலே இரவு முழுக்க நனைந்து நிற்கிறது. "மழையில நின்னதே இல்லண்ணே" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் துரு இல்லை என்று ஆகாது.

காற்று தவிர இன்னும் மூன்று வழிகளில் உப்பு ஏறுகிறது. முதலாவது தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்னால் அங்கே போன வண்டிகள் கடல் நனைத்த மணலில்தான் ஓடின. அந்த ஈர மணல் சேஸிஸ் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்தால் வாட்டர் வாஷில் வெளியே வராது. இரண்டாவது மீன் பெட்டி. பின் சீட்டைக் கழற்றி ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். கவிச்சி வாடையை சென்ட் தெளித்து மறைக்கலாம், தகடு அரித்ததை மறைக்க முடியாது. மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: போர் தண்ணீர். நம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் வாராவாரம் வண்டியைக் கழுவுவது வாராவாரம் உப்பு பூசுவதுதான். பளபளப்பாக வைத்திருந்த வண்டி சில சமயம் கழுவாமல் போட்ட வண்டியைவிட மோசமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பார்க்கப் போகும்போது நல்ல டார்ச் ஒன்று, சின்ன சுத்தியல், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தம், ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ராம்ப்பிலோ சர்வீஸ் பிட்டிலோ ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஸ்கார்ப்பியோ, பொலேரோ இரண்டும் ஏணி போன்ற சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகள். இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். பெட்டிபோல் மூடிய இடங்களில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகள் சேற்றில் அடைத்தால் உள்ளே தண்ணீர் நின்று, வெளியே பெயின்ட் கெடாமலே உள்பக்கம் தகடு கரையும். அதனால் கண்ணால் பார்ப்பது போதாது, தட்டிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் கெட்டியான இடத்தில் ஒரு தட்டு தட்டி அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அரை அடிக்கு ஒரு தட்டாகப் பின்னால் வரை போங்கள். 'டங்' என்று கேட்டுக்கொண்டே வந்தது 'டப்' என்று அமுங்கினால் அங்கே தகடு மெலிந்திருக்கிறது, அல்லது உள்ளே துரு அடுக்கடுக்காக உரிந்து கிடக்கிறது. அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் பேச்சு முடிந்தது.

அதிகமாக அரிக்கும் இடம் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற பகுதி. ஸ்கார்ப்பியோவில் ஸ்டெப்னி அடியில் தொங்குவதால் அதற்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டம் யார் கண்ணிலும் படாது. ஸ்டெப்னியை இறக்கச் சொல்லுங்கள். இறக்கும் சங்கிலி துருவில் இறுகிக் கிடந்தால் பல வருஷமாக அங்கே யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். பாடியும் சேஸிஸும் சேரும் மவுண்டுகளில் ரப்பரைச் சுற்றியுள்ள தகட்டைப் பாருங்கள். பொலேரோவாக இருந்தால் பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கரும் ஷேக்கிளும் முக்கியம். பின்பக்கப் பாரம் அந்தச் சின்ன இடங்களில்தான் இறங்குகிறது. பிறகு மேலே வந்து கதவுகளின் கீழ் விளிம்பு, ஃபுட்போர்டுக்கு உள்பக்கம், முன் கண்ணாடி ரப்பர் ஓரம் என்று காந்தத்தை நகர்த்துங்கள். காந்தம் பிடி தளர்கிற இடத்தில் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

அடியில் புதிதாகக் கறுப்பு அடித்து மினுமினுவென்று இருந்தால் சந்தேகம் கூட வேண்டும், குறையக் கூடாது. "ஃப்ரெஷ்ஷா அண்டர்கோட் அடிச்சுருக்கோம்ணே" என்பதை புரோக்கர்கள் ஒரு சிறப்பாகச் சொல்வார்கள். துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளேயே சிறைப்பட்டு அரிப்பு இன்னும் வேகமாகும். நகத்தால் கீறினால் பொருக்காகப் பெயர்ந்து, பின்பக்கம் காவி நிறம் தெரிந்தால் அது மறைப்பு வேலை.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் துணியால் துடைத்துப் படியுங்கள். பென்சில் பிரிண்ட் எடுக்கும் அளவுக்கு எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும், பெயர் மாற்றும்போதும், இன்சூரன்ஸிலும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். துரு எழுத்தைத் தின்றிருந்தால் நல்ல இன்ஜின் இருந்தும் வண்டி காகிதத்தில் மாட்டிக்கொள்ளும்.

சரி, கொஞ்சம் துரு இருக்கிறது, விட்டுவிடுவதா? எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. மேலோட்டமான காவித் துரு, தட்டினால் கெட்டியான சத்தம் என்றால் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் உலோகம் தெரியும் வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, அதன்மேல் எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட், கடைசியாக ரப்பர் வகை அண்டர்கோட். காயவிடும் நாளைத்தான் எல்லோரும் அவசரத்தில் விழுங்குகிறார்கள். குறைந்தது இரண்டு வெயில் நாள் வேண்டும். பெட்டிச் சட்டத்தின் உள்ளே நீளமான குழாய் வைத்து வேக்ஸ் தெளிக்க வேண்டும். உள்பக்கத்தை விட்டுவிட்டு வெளியே மட்டும் அடிப்பது பாதி வேலை. முறையாகச் செய்தால் 10,000 முதல் 18,000 ரூபாய் ஆகும். லாரிக்காரர்கள் வழக்கப்படி கழிவு ஆயில் அடிப்பது இரும்புக்கு ஓரளவு உதவும், ஆனால் புஷ், பிரேக் ஹோஸ் ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும். குடும்பம் ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

ஓட்டை விழுந்திருந்தால் மேலே ஒரு தகட்டை ஒட்டவைத்துப் பற்ற வைப்பது ரிப்பேர் ஆகாது. அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அசல் தகட்டின் கனத்துக்கே புதுத் தகடு வைத்து, சுற்றிலும் விடாமல் பற்றவைக்க வேண்டும். கரன்ட் வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் சாக்கெட்டையும் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் கூலியோடு ஈ.சி.யூ. விலையும் சேரும். ஒன்றிரண்டு இடம் என்றால் 8,000 முதல் 20,000. ஆக்சில் தாங்கும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம், முன் சஸ்பென்ஷன் கை பிடிக்கும் இடம் இவற்றில் ஓட்டை என்றால் ரிப்பேர் பற்றியே பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். எக்ஸ்.யூ.வி.500, டஸ்டர் போன்றவற்றுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே தாங்குகிறது. அவற்றில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற சட்டமும் ஷாக் அப்சார்பர் மேல் முனை உட்காரும் இடமும் அரித்திருந்தால் டிங்கர் வேலை இன்னும் சிக்கல்.

உப்புக்கு அடுத்த பயம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2023 டிசம்பரில் சென்னையிலும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பல. அப்படிப்பட்டவை கழுவித் துடைத்துப் பக்கத்து மாவட்டங்களில் விலைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிமுனையில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளம், சீட் அடியில் உள்ள போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் இரும்புக் கிளிப் இவற்றில் துரு இருந்தால் தண்ணீர் சீட் உயரம் வந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவெண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் விட்டுப்போயிருக்கிறது என்றும் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இனி வயரிங். கடற்கரை வண்டிகளில் சென்சார் போச்சு, ஈ.சி.யூ. போச்சு என்று பணம் கறக்கப்படும் கோளாறுகளில் நிறைய வெறும் எர்த் கோளாறு. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பட்டை வயரின் முனை பச்சை பூத்து நிற்கும். ஹெட்லைட் போட்டால் மீட்டர் முள் ஆடும், செல்ஃப் 'டக்' என்று மட்டும் சொல்லும், ஏ.பி.எஸ். விளக்கு வந்து வந்து போகும். சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வேஸலின் தடவி மாட்டினாலே பல வண்டி சரியாகும். புது எர்த் பட்டை 300 முதல் 600 ரூபாய். இதைப் பார்க்காமல் யாரும் சென்சார் மாற்ற விடாதீர்கள்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஓடும்போது அதற்குக் கீழே என்றால் டைனமோ கோளாறு. கார்பன், பேரிங், ரெகுலேட்டர் மாற்றினால் 2,500 முதல் 4,000, புதிது 9,000 முதல் 13,000. சீமைக்கருவேலம் அடர்ந்த வெளியில் நிறுத்திய வண்டிகளில் எலி வயரைக் கடித்திருக்கும். பானட்டுக்கு அடியில் டேப் புதிதாகச் சுற்றிய இடங்களைப் பாருங்கள்.

ஏ.சி. இங்கே ஆடம்பரம் இல்லை. மே மாதத்தில் வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு 115 கிலோமீட்டர் போகிறவருக்கு அது தெரியும். முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர் அலுமினியம். உப்புக்காற்று நேராக அதன்மேல்தான் படுகிறது. அதன் மெல்லிய இதழ்கள் விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது: கேஸோடு 7,000 முதல் 10,000. ஸ்கார்ப்பியோவில் பின்னால் போகும் ஏ.சி. குழாய் இருக்கும் மாடல்களில் அது அடிவழியாகப் போவதால் அங்கேயும் ஓட்டை விழும். "கேஸ் மட்டும் கம்மி சார், 1,500 ரூபாய்ல முடிஞ்சுரும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, எங்கோ கசிகிறது. கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், கூலியோடு 9,000 முதல் 14,000. கம்ப்ரஸர் புதிது 18,000-க்கு மேல்.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் தெளிவாக இருக்க வேண்டும். துரு நிறத்தில் கலங்கலாக இருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்து நுண்குழாய் அடைத்திருக்கும், ஊருக்குள் ஒன்றும் தெரியாது, ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது சூடு ஏறும். புது ரேடியேட்டர் 6,000 முதல் 9,000, தெர்மோஸ்டாட், ஹோஸ் சேர்த்து 11,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அதிகச் சூட்டில் ஓட்டி இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தால் கதை வேறு. ஹெட்டை இறக்கி லேத்தில் லெவல் செய்து கேஸ்கட் மாற்ற 25,000 முதல் 40,000.

பிரேக்கில் உப்பு செய்யும் வேலை வெளியே தெரியாது. காலிப்பர் நகரும் பின்கள் துருவில் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்களைக் கழற்றி சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும். சாதா சேஸிஸ் கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். சுத்தம் செய்து கொடுக்க ஒரு ஜோடிக்கு 800 முதல் 1,200. முன் பேட் ஒரு செட் 1,800 முதல் 2,800, டிஸ்க் ஜோடி 5,000 முதல் 7,000. பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிவும் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமும் வழக்கமானவை. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகும் இரும்பு பிரேக் பைப். கிளிப் பிடிக்கும் இடத்தில் அது அரிக்கும். துரு பொருக்கு தட்டியிருந்தால் பேரம் பேசும் முன்பே அதை மாற்றக் கணக்கு வையுங்கள், 3,000 முதல் 5,000 ரூபாய். அந்த பைப் வெடித்தால் பாம்பன் பாலத்தின் இறக்கத்தில் கால் சும்மா உள்ளே போகும்.

இன்ஜினுக்கு வருவோம். ஸ்கார்ப்பியோவில் வரும் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல், ஒழுங்காக ஆயில் மாற்றினால் உழைக்கும் இன்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். முதல் சில விநாடி செயின் கரகரப்பு வந்து நிற்காமல் நீடித்தால் டென்ஷனர், செயின் வேலை, 15,000 முதல் 25,000. ஆயில் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது இயல்பு. மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முழு இன்ஜின் வேலை 70,000-க்கு மேல், லட்சத்தையும் தாண்டும். கறுப்புப் புகையும் பிக்கப் குறைவும் பெரும்பாலும் ஈ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் வால்வு) அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல், வேக்யூம் ஹோஸ் வெடிப்பு. 2,000 ரூபாய்க்குள் முடியும் இந்த மூன்றையும் பார்க்காமல் டர்போவைக் கழற்றக் கூடாது. டர்போவேதான் என்றால் ரீகண்டிஷன் 15,000 முதல் 22,000.

டீசலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைத் தனியாகச் சோதித்துத் திரும்பிப்போகும் டீசல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்ய ஒன்றுக்கு 5,000 முதல் 8,000, நான்கும் போயிருந்தால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். டீசலில் தண்ணீர் கலப்பது அவை போக ஒரு முக்கியக் காரணம். டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், மாதம் ஒருமுறை திறந்து வடித்தால் போதும். ஒரு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

கிளட்ச் சோதனை: தட்டையான சாலையில் நான்காவது கியரில் 40-ல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது, 14,000 முதல் 20,000. எக்ஸ்.யூ.வி.500-ல் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் சேர்ந்து போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியாக இருந்தால் டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறதா பாருங்கள். ஊருக்குள் மட்டும் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் அது அடைக்கும்.

கியர் போட்டுக் கிளட்ச் விடும்போது அடியில் 'டக்' என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். கிரீஸ் அடிக்காமல் விட்டதால் வருவது, ஒன்றுக்கு 1,200 முதல் 2,000. மேடு பள்ளத்தில் முன்னால் கடகடவென்றால் லிங்க் ராட், பால் ஜாயிண்ட், புஷ். முன் பக்கம் முழு செட் 12,000 முதல் 18,000. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம் செய்தது. தேயாமல் பூ இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயருக்கு விலை கிடையாது. நான்கும் மாற்ற 30,000 முதல் 40,000. கருவேல முள் குத்திப் பல பஞ்சர் போட்ட டயரையும் அதே கணக்கில் சேருங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் வெளிப் பட்டறைக் கணக்கு, ஏறக்குறைய. சாமான் கம்பெனியைப் பொறுத்து கூடும் குறையும். 2012, 2013 மாடல் என்றால் பேசிய விலைக்கு மேல் 70,000 முதல் 90,000 ரூபாய் கையில் ஒதுக்காமல் வாங்காதீர்கள். 2014 செப்டம்பரில் சேஸிஸ் மாற்றி வந்த ஸ்கார்ப்பியோ மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. பழைய வண்டிக்கு 15 வருஷம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, அதோடு பசுமை வரி, எஃப்.சி.க்கு வண்டியைத் தயார்செய்யும் செலவு. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகு பணம். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

வாங்கிய பிறகு தண்ணீரை மாற்றுங்கள். வாட்டர் வாஷ் கடையில் வரும் தண்ணீரில் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாகத் திட்டு நின்றால் அந்தக் கடை வேண்டாம். குடிக்கிற காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனசு வராது, வரவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால், கடைசி அலசலுக்கு 30 லிட்டர் போதும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே அடியை அலசிவிடுங்கள், மறுநாள் என்று தள்ள வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் கதவின் அடியிலும் சேஸிஸிலும் உள்ள வடிகால் ஓட்டைகளில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். சில ஓட்டைகளிலிருந்து கைப்பிடி மணல் கொட்டும்.